சிஎன்சில வளைவான சர்ஃபேஸ் வரி இல்லாம வர: ஸ்டெப்ஓவர்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது

சிஎன்சில (கம்ப்யூட்டர் சொல்ற பாதையில வெட்டுற மெஷின்) பால் நோஸ் பிட் (நுனி உருண்டையா இருக்கற பிட்) போட்டு வளைவு ஓட்டி முடிச்சதும் வரி வரியா மேடு தெரிஞ்சா எல்லாரும் உடனே பண்றது ஸ்டெப்ஓவரை, அதாவது பிட் போற ஒரு கோட்டுக்கும் (பாஸ்) அடுத்த கோட்டுக்கும் நடுவுல விடற தூரத்தை, பாதியாக்குறதுதான். நேரம் டபுள் ஆகும், பல சமயம் வரியும் அப்படியே இருக்கும், ஏன்னா கோளாறே வேற இடத்துல.

முதல்ல ஒரு சின்ன கணக்கு. ரெண்டு பாஸுக்கு நடுவுல நிக்கிற மேட்டோட உயரம் சுமாரா எவ்வளவுன்னா, ஸ்டெப்ஓவரை அதாலயே பெருக்கி, பிட்டோட ரேடியஸை 8 ஆல பெருக்கினா வர்றதால வகுக்கணும். 6 மிமீ பிட் (ரேடியஸ் 3), 0.6 மிமீ ஸ்டெப்ஓவர்னா 0.36 / 24, அதாவது 0.015 மிமீ. 0.3 வச்சா அதுல கால்வாசி. மரத்துல 0.015 எல்லாம் 240 நம்பர் உப்புத்தாளை லேசா இழுத்தாலே போயிடும், அதனால நகத்துல தட்டுற அளவுக்கு மேடு இருந்தா அது ஸ்டெப்ஓவர் வேலை இல்ல, வரி எப்படி இருக்கு எங்க இருக்குன்னு பாருங்க.

சரிவான இடத்துல மட்டும் வரி தடிமனா இருக்கா? பேரலல் டூல்பாத்ல (பிட் இணையான நேர்கோடா போற பாதை) ஸ்டெப்ஓவரை மேலேந்து பாத்து அளக்குறாங்க, பாஸ் சரிவுக்கு குறுக்க போகும்போது 60 டிகிரி சரிவுல சர்ஃபேஸ் மேல அது ரெண்டு மடங்கு ஆகிடும், மேடு நாலு மடங்கு. சரிவுக்கு வாட்டர்லைன் (ஒவ்வொரு உயரத்துலயும் வடிவத்தை சுத்தி வர்ற பாதை), படுக்கையான இடத்துக்கு பேரலல்னு பிரிச்சு ஓட்டுங்க, இல்ல கேம்ல (டூல்பாத் போடற சாஃப்ட்வேர்) ஸ்காலப் ஆப்ஷன் (சர்ஃபேஸ் மேலேயே ஸ்டெப்ஓவரை சமமா வைக்கிறது) இருந்தா அது போதும்.

வளைவு பட்டை பட்டையா, வைரம் பட்டை தீட்டின மாதிரி தெரிஞ்சா மெஷினை திட்டாதீங்க, எஸ்டிஎல் ஃபைல் (வளைவை குட்டி முக்கோணங்களா சேமிக்கிற 3டி ஃபைல்) பெரிய பெரிய முக்கோணமா எக்ஸ்போர்ட் ஆயிருக்கும் இல்லனா கேம் டாலரன்ஸ் (டூல்பாத் நிஜ வளைவுலேந்து எவ்வளவு விலகலாம்ங்கிறது) பெருசா இருக்கும். 0.01 மிமீ வச்சு பாருங்க.

ஆனா டாலரன்ஸை ரொம்ப இறுக்கினா அடுத்த தலைவலி. குட்டி குட்டி லைனா ஜிகோடு (மெஷினுக்கு போற கட்டளை) குவியும், ஜிஆர்பிஎல் ஓடற பழைய 8 பிட் கன்ட்ரோல் போர்டு அந்த வேகத்துக்கு படிச்சு முடிக்காம திணறும், பிட் நின்னு நின்னு போய் அந்தந்த இடத்துல புள்ளி விழும், மரம்னா கருகும். கேம்ல ஸ்மூதிங் ஆன் பண்ணி ஃபீடை (பிட் நகர்ற வேகம்) கொஞ்சம் குறைங்க. இசட்டையும் மறந்துடாதீங்க, வளைவுல அது ஓயாம ஏறி இறங்கிட்டே இருக்கும், அதோட ஆக்சிலரேஷன் (ஜிஆர்பிஎல்ல $122 செட்டிங்) ரொம்ப கம்மியா இருந்தா நீங்க ஃபீட் நிமிஷத்துக்கு 1500 மிமீ போட்டாலும் மெஷின் அந்த வேகத்தை தொடவே தொடாது.

ஒரு வரி விட்டு ஒரு வரி ஏறி இறங்கி இருந்தா, போகும்போது கிளைம்ப், வரும்போது கன்வென்ஷனல்னு (பிட் சுத்துற திசையோட ஒப்பிட்டா எதிரெதிரா வெட்டுற ரெண்டு முறை) பிட் மாத்தி மாத்தி வளையுதுன்னு அர்த்தம், பேக்லாஷும் (திசை மாறும்போது ஸ்க்ரூல வர்ற ஆட்டம்) சேர்ந்துக்கும். ஒரே திசையில மட்டும் வெட்ட வைங்க, திரும்பி வர்ற நேரம் வேஸ்ட்தான், ஆனா வித்தியாசம் நல்லாவே தெரியும். பிட்டை எவ்வளவு கம்மியா வெளிய நீட்ட முடியுமோ அவ்வளவு கம்மியா நீட்டுங்க, நீளம் டபுள் ஆனா வளையறது 8 மடங்கு. காலெட்டை (பிட்டை பிடிக்கிற கிளாம்ப்) கழட்டி உள்ள இருக்கற தூசிய துடைக்கறதும் இதோட சேர்த்திதான்.

ரஃபிங் (முதல் தடவை கனமா வெட்டி எடுக்கறது) விட்டுட்டு போன படிக்கட்டு மேல நேரா ஃபினிஷிங் (கடைசி நைசான ஓட்டம்) ஓட்டினா ஒரு இடத்துல நிறைய, ஒரு இடத்துல கொஞ்சம்னு பிட்டுக்கு லோடு மாறி மாறி வரும், அது அலையா தெரியும். நடுவுல அதே பால் நோஸ்ல பெரிய ஸ்டெப்ஓவர்ல ஒரு செமி ஃபினிஷ் விட்டு எல்லா இடத்துலயும் சமமா 0.3 மிமீ மிச்சம் வச்சுக்கோங்க, என்னை கேட்டா ஸ்டெப்ஓவரை பாதியாக்குற நேரத்தை இதுல போடறதுதான் புத்திசாலித்தனம்.

உச்சில தட்டையா இருக்கற இடம் மட்டும் மொரமொரன்னு வருதா, பால் நோஸோட நுனி நடுவுல சுத்துற வேகம் பூஜ்யம், அது வெட்டாது தேய்க்கும். 3 ஆக்சிஸ்ல பிட்டை சாய்க்க முடியாது, அந்த தட்டையை தனியா பிரிச்சு ஃபிளாட் எண்ட் மில்லுக்கு (நுனி தட்டையா இருக்கற பிட்) குடுத்துடுங்க. ஃபீடை ரொம்ப குறைச்சாலும் இதே தேய்ப்புதான், 2 ஃப்ளூட் (ரெண்டு வெட்டுற பல்) பிட் 18000 ஆர்பிஎம்ல ஒரு பல்லுக்கு 0.04 மிமீ வேணும்னா நிமிஷத்துக்கு 1440 மிமீ ஓடணும்.