சபை விடுதி கட்டப் போகிறதா? ஆலோசகரைத் தெரிவு செய்யும்போது செய்யக்கூடாத தவறுகள்

இலங்கை மலைநாட்டுப் பிரதேச சபைகளில் இப்போது அடிக்கடி கேட்கிற பேச்சு, பழைய வாடிவீட்டைத் திருத்துவோம், அருவிப் பக்கம் ஒரு ஓய்வு விடுதி போடுவோம், சபைக்கு வருமானம் வரும் என்பதுதான். நல்ல யோசனை, நான் எதிர்க்கவில்லை. ஆனால் 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்படும்வரை தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவழிப்பதே பெரும்பாடாக இருந்தது நமக்குத் தெரியும். அந்தக் கட்டு அவிழ்ந்து, லயத்துப் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) பாதைக்கும் தண்ணீருக்கும் மக்கள் காத்திருக்கிற நேரத்தில், அந்தப் பணத்தில் ஒரு பகுதியை, விடுதிக்கு வரைபடமும் திட்ட அறிக்கையும் தயாரித்துத் தருகிற ஆலோசகருக்குக் கொடுக்கப் போகிறோம். ஆளைப் பிழையாகப் பிடித்தால் அதன் நட்டம் யார் தலையில் விழும் என்று யோசியுங்கள்.

முதல் தவறு, நமக்கு என்ன வேண்டும் என்று சபையே பேசி முடிக்காமல் ஆலோசகரைக் கூப்பிடுவது. சிவனொளிபாதமலைக்குப் போக நல்லதண்ணிக்கு வருகிற யாத்திரிகர் இரவில் மலையேறுகிறவர், அவருக்குச் சுத்தமான கழிப்பறையும் சுடுதண்ணீரும் நாலு மணி நேரம் முதுகு சாய்க்க ஒரு மண்டபமும் போதும். எல்லவுக்கு வந்து ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்த்துவிட்டுப் போகிற வெளிநாட்டுக்காரருக்குத் தேவையே வேறு. இதைச் சபை சொல்லாவிட்டால், வருகிற ஆலோசகர் ஏற்கெனவே கடற்கரையில் கட்டிய ஹோட்டலின் படத்தைத்தான் இங்கேயும் கொண்டுவந்து விரிப்பார். டி.ஓ.ஆர். என்கிற பணிவரையறையைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, எல்லா உறுப்பினர் கையிலும் கொடுத்து, பேசி முடித்த பிறகு விளம்பரம் போடுங்கள்.

அடுத்தது காணி. இதில்தான் அதிகம் வழுக்கி விழுகிறோம். தோட்டக் காணி பெரும்பாலும் அரசுடையது, ஆனால் 1992க்குப் பிறகு பெரும்பகுதி கம்பனிகளின் நீண்டகாலக் குத்தகையில் இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு திட்டத்தில் அறிக்கை பளபளவென்று வந்தது, வரைபடமும் அழகு, ஆனால் அதில் போட்டிருந்த பாதை தோட்டப் பாதை, கேட் தோட்ட நிர்வாகியான துரையின் கையில், பஸ் திரும்ப இடம் கிடையாது. அதைவிட மோசம், விடுதிக்குத் தண்ணீர் எடுக்கச் சொன்ன ஊற்று கீழ் லயத்துக்காரர் பீலி போட்டுக் குடிக்கிற ஊற்று. ஆலோசகர் ஒருநாள் லயத்துப் பக்கம் நடந்திருந்தால் யாராவது ஒரு அக்கா சொல்லியிருப்பார். யாரும் கேட்கவில்லை. அதனால் யார் யாரைச் சந்தித்துப் பேசவேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

பருவத்தையும் மறக்கக்கூடாது. ஏப்ரல் வசந்த காலத்தில் நுவரெலியாவில் அறை கிடைக்காது, சரி, அந்தக் கணக்கை வருடம் முழுவதற்கும் நீட்டக்கூடாது. சும்மா ஒரு கணக்குப் போடுவோம்: 10 அறை என்றால் வருடத்துக்கு 3650 இரவு. 90 நாள் நிறைந்து, மற்ற நாட்களில் மூன்றில் ஒரு பங்கு அறைக்கு ஆள் வந்தால்கூட விற்பது ஏறக்குறைய 1800 இரவுதான், பாதி. இந்தப் பாதியிலும் சம்பளமும் மின்சாரமும் கட்ட முடியுமா என்று காட்டாத அறிக்கைக்குப் பணம் கொடுக்காதீர்கள். இடத்தையும் மழையில் பார்க்கச் சொல்லுங்கள், கினிகத்தேனை, வட்டவளைப் பக்கம் என்றால் ஜூனில், பதுளைப் பக்கம் என்றால் வருடக் கடைசியில்.

விலையை மட்டும் பார்த்துக் குறைந்தவருக்குக் கொடுப்பதும் தவறு. தகுதியையும் வேலைமுறையையும் சொல்கிற தொழில்நுட்ப உறையைத் திறந்து புள்ளி போட்டு முடித்த பிறகே விலை உறையைத் திறக்கவேண்டும், இரண்டையும் ஒன்றாகத் திறந்தால் கண் விலைக்குத்தான் போகும். கட்டணத்தைக் கட்டடச் செலவில் இத்தனை வீதம் என்று பேசாதீர்கள், கட்டடம் பெருக்கப் பெருக்க அவருக்கு லாபம், பிறகு யார் சிறிதாகக் கட்டச் சொல்வார்? பின்னால் அதே விடுதியைக் குத்தகைக்கு எடுக்கவோ கட்டவோ வரமாட்டேன் என்று எழுதி வாங்குங்கள். அப்புறம், விண்ணப்பத்தில் அனுபவசாலியின் பெயரைப் போட்டுவிட்டு வேலைக்கு நேற்றுப் படித்து முடித்த பிள்ளையை அனுப்புவது சாதாரணமாக நடக்கிறது. பெயர் போட்டவர் எத்தனை நாள் இங்கே நிற்பார் என்று கேளுங்கள்.

மண்சரிவு விஷயத்தில் மட்டும் எந்தச் சமாதானமும் வேண்டாம். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதைப் பார்த்தவர்கள் நாம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அனுமதியை ‘பிறகு எடுத்துக்கொள்ளலாம்’ என்கிற ஆலோசகரை அங்கேயே நிறுத்துங்கள். அந்த அனுமதி கைக்கு வரும்வரை கடைசித் தவணைப் பணம் சபையிலேயே இருக்கட்டும்.

உறுப்பினராக இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் சபையின் தகவல் அதிகாரியிடம் பணிவரையறை, புள்ளித்தாள், ஒப்பந்தம் மூன்றையும் கேட்டுத் தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். கொடுப்பதா இல்லையா என்ற முடிவை அவர் 14 வேலை நாட்களுக்குள் சொல்லவேண்டும்.