பயணத்துக்கு ஹெட்போன் வாங்கப் போகிறீர்களா?

இரைச்சல் குறைக்கும் ஹெட்போன் எல்லாச் சத்தத்தையும் ஒரே மாதிரி அடக்காது. விமான இன்ஜின், பஸ், ரயில் எழுப்பும் விடாத உறுமலைத்தான் நன்றாகக் குறைக்கும். வெளிச்சத்தத்தை மைக்கில் வாங்கி, அதற்கு நேரெதிரான ஒலி அலையை உள்ளே அனுப்புகிறது. பக்கத்து இருக்கைப் பேச்சையும் குழந்தையின் அழுகையையும் தடுப்பது பெரும்பாலும் காதைச் சுற்றிப் படியும் மெத்தைதான். அதனால் போட்டுப் பார்த்தே வாங்குங்கள். மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் அதோடு போட்டுப் பாருங்கள். கண்ணாடிக் காம்பு மெத்தையைத் தூக்கினால் அந்த இடுக்கு வழியாகவே சத்தம் நுழைந்துவிடும். விமான இருக்கைத் திரையில் படம் பார்ப்பீர்கள் என்றால் 3.5 மி.மீ. வயர் செருகும் வசதி இருப்பது நல்லது. அப்புறம், சாலையில் நடக்கும்போது வெளிச்சத்தம் கேட்கும் மோடுக்கு மாற்றிவிடுங்கள். இதில் மட்டும் அலட்சியம் வேண்டாம்.