நடுங்கும் கையோடு சாப்பிட: எனக்கு உதவியவை

பார்கின்சன் என்ற நடுக்க நோய்க்கு லெவோடோபா மாத்திரை போடுபவர்கள் முதலில் நேரத்தைக் கவனியுங்கள்: சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால், இல்லையென்றால் ஒரு மணி நேரம் கழித்து. பருப்பு, முட்டை, பால், ஆம்பூர் பிரியாணிக் கறி எல்லாம் புரதம். குடலில் மருந்தோடு போட்டி போடும், நடுக்கம் அடங்கத் தாமதமாகும். வெறும் வயிற்றில் குமட்டினால் ஒரு வாழைப்பழம் போதும். மாத்திரையை நீங்களாக நிறுத்தவே கூடாது.

முழங்கையை மேசையில் ஊன்றிச் சாப்பிடுங்கள். தட்டுக்கடியில் ஈரத்துணி விரித்தால் நகராது. டம்ளரில் பாதிதான். நம்ம ஊர் கேழ்வரகுக் களி விரலில் நிற்கும். ரசஞ்சோறு சட்டைக்குத்தான் போகும்.

தோள் இறுகி வலித்தால் வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றி 15 நிமிடம் வைக்கலாம். மரத்துப்போன காலில் வேண்டாம்; சூடு தெரியாமல் கொப்புளமாகிவிடும்.