டேமேஜ் டு, டிமாண்ட் ஃபார்: பையருக்கு மெயில் எழுதுபவர்களுக்கு

திருப்பூர் ஆடை ஏற்றுமதி கம்பெனிகளில் மெர்ச்சண்டைசராக, அதாவது துணி வாங்கும் பையரோடு (வாங்குபவரோடு) பேசி ஆர்டரைக் கவனிப்பவராகச் சேரும் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் தெரியாமல் இல்லை. இடறுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: பெயர்ச்சொல்லுக்கு அடுத்து வரும் சின்னச் சொல். ரீசன் எழுதிவிடுவார்கள், அப்புறம் ஃபாரா, ஆஃபா, டுவா என்று கை நின்றுவிடும். பையருக்குப் போகும் மெயில்களைப் பார்த்துக் கொடுப்பதும் என் வேலை என்பதால், நான் சொல்லித்தரும் முறை இது.

முதலில் தமிழை ஓரமாக வையுங்கள். நம் ‘க்கான’ எங்கே போட்டாலும் உட்காரும்: தாமதத்துக்கான காரணம், கேள்விக்கான பதில், இறக்குமதிக்கான வரி. ஆங்கிலத்தில் ரீசனுக்கு ஃபார், ஆன்சருக்கு டு, டியூட்டிக்கு ஆன். அதே காரணத்தை ‘காஸ்’ என்று எழுதினால் ஆஃப். ஏன் என்று கேட்டுப் பயனில்லை. அதனால் சொல்லை அதன் வாலோடு சேர்த்தே நோட்டில் எழுதுங்கள். டேமேஜ் என்று மட்டும் எழுதாமல், ‘டேமேஜ் டு தி கார்ட்டன்ஸ்’ என்று முழுசாக. டிமாண்ட் ஃபார், ஷார்ட்டேஜ் ஆஃப், டிஸ்கவுண்ட் ஆன், ஃபிட் சாம்பிள் (அளவு சரிபார்க்கத் தைக்கும் மாதிரி) வந்ததும் கமெண்ட்ஸ் ஆன்: நம் தொழிலில் தினமும் புழங்குபவை ஒரு பக்கத்தில் அடங்கிவிடும்.

ஓரளவு கூட்டமாகப் பிடிக்க முடிவது ‘இன்’தான். கூடுவது, குறைவது, தள்ளிப்போவது எல்லாம் இதில் வரும்: இன்க்ரீஸ் இன், டிராப் இன், டிலே இன். எது கூடியதோ அதற்கு இன், எவ்வளவு கூடியது என்பதற்கு ஆஃப். நூல் விலை ஏறினால், ‘அன் இன்க்ரீஸ் ஆஃப் 4 பர்சென்ட் இன் யார்ன் பிரைசஸ்’. இரண்டும் ஒரே வரியில் வந்துவிடும்.

சேஞ்ச் மட்டும் கொஞ்சம் வில்லங்கமானது. ‘சேஞ்ச் இன் ஷேட்’ என்றால் துணியின் நிறம் மாறியிருக்கிறது என்று அர்த்தம். சாயம் போடும்போது ஏதோ ஆகிவிட்டதோ என்று பையர் பதறுவார். ‘சேஞ்ச் டு தி ஆர்ட்வொர்க்’ என்றால் யாரோ வேண்டுமென்றே திருத்தியிருக்கிறார்கள். பிரிண்டில் நீங்களே ஒரு திருத்தம் செய்துவிட்டு அனுமதி கேட்கிறீர்கள் என்றால் டு போடுங்கள்.

அடுத்தது வினைச்சொல் குழப்பம். பெயர்ச்சொல்லாக இருக்கும்போது வால் கேட்கும் பல சொற்கள், வினையாகும்போது கேட்பதில்லை. ‘எ ரிக்வெஸ்ட் ஃபார் அன் எக்ஸ்டென்ஷன்’ சரி. ‘வி ரிக்வெஸ்ட் ஃபார் அன் எக்ஸ்டென்ஷன்’ தப்பு, அங்கே ஃபாரை எடுத்துவிட வேண்டும். டிஸ்கஷன் அபவுட் உண்டு, டிஸ்கஸ் அபவுட் கிடையாது. நம் ஊர் மெயில்களில் நான் அதிகம் அடித்துத் திருத்துவது இந்த இரண்டைத்தான்.

சந்தேகம் வந்தால் சாதாரண ஆங்கில-தமிழ் அகராதி போதாது. லேர்னர்ஸ் டிக்ஷனரி பாருங்கள். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், லாங்மேன் மூன்றும் நெட்டில் இலவசம். டிமாண்டைத் தேடினால் எடுத்துக்காட்டுக்குப் பக்கத்திலேயே ஃபார் தடித்த எழுத்தில் இருக்கும். ஜப்பானில் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்த ஏ. எஸ். ஹார்ன்பி, இருவரைச் சேர்த்துக்கொண்டு தொகுத்த அகராதி 1942இல் டோக்கியோவில் வந்தது. இன்றைய ஆக்ஸ்ஃபோர்டு லேர்னர்ஸ் அகராதிக்கு அதுதான் மூலம். ஆங்கிலம் தாய்மொழி இல்லாதவர்களுக்காகவே செய்தது என்பதால் நம் சந்தேகம் அதற்குத் தெரிந்திருக்கிறது.

கூகுள் என்-கிராம் வியூவரும் உதவும். சொல்லை அடித்து, ஒரு இடம் விட்டு, நட்சத்திரக் குறி போட்டால், புத்தகங்களில் அதற்கு அடுத்து அதிகம் வரும் பத்துச் சொற்களைக் காட்டும். ஆனால் எண்ணிக்கையை மட்டும் நம்பாதீர்கள். சொல்யூஷன் போட்டால் ஆஃப் நிறைய வரும். அதில் உப்புக் கரைசலும் கணக்குச் சமன்பாடும் கலந்திருக்கும். பையரின் பிரச்சினைக்குத் தீர்வு சொல்லும்போது ‘சொல்யூஷன் டு’தான்.