ஏரி, குளம், ஓடையின் உணவு வலை: வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

தண்ணீரில் யார் யாரைத் தின்கிறது என்று காட்டும் உணவு வலையை வரையும்போது, பாசி, அதைத் தின்னும் நீர்ப்பூச்சி, பூச்சியைத் தின்னும் சின்ன மீன், அதை விழுங்கும் பெரிய மீன் என்று நாலு கட்டம் போட்டு அம்புக்குறி இழுத்தால் வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் முதல் தவறு. அந்தப் படத்தில் ஒரு இனத்துக்கு ஒரு கட்டம்தான், ஆனால் தண்ணீருக்குள் யார் யாரைத் தின்பது என்பதை உடம்பின் அளவும் வாயின் அகலமும்தான் பெரும்பாலும் முடிவு செய்கின்றன. விரால் குஞ்சாக இருக்கும்போது விலங்கு மிதவைகளை, அதாவது நீரில் மிதக்கும் நுண்ணிய விலங்குகளைத் தின்னும், கொஞ்சம் வளர்ந்ததும் பூச்சிக்கும் சின்ன இறாலுக்கும் மாறும், பெரிதானபின் மீன், தவளை என்று போகும். குஞ்சாக இருக்கும்போது அதைத் தட்டான்பூச்சியின் இளவுயிரி பிடித்துத் தின்றுவிடும், தப்பிப் பிழைத்து வளர்ந்த விராலோ அதே இளவுயிரியைத் தின்னும். இதில் யார் மேலே, யார் கீழே? அதனால் 'விரால்' என்று ஒரே கட்டம் போடாமல், நீளத்தை வைத்து இரண்டு மூன்றாகப் பிரித்துவிடுங்கள்.

அடுத்தது, எல்லாம் பாசியில்தான் தொடங்குகிறது என்ற நினைப்பு. மரங்கள் மூடிய சின்ன ஓடையில் வெயிலே சரியாக விழாது, பாசிக்கு எங்கே போவது? அங்கே சோறு போடுவது கரையிலிருந்து விழும் சருகு. விழுந்த உடனே அதை யாரும் பெரிதாகச் சீண்டுவதில்லை. முதலில் கரையக்கூடிய சத்து தண்ணீரில் கசிந்துவிடும், அப்புறம் பூஞ்சையும் பாக்டீரியாவும் படர்ந்து இலையை இளக்கும், அதன்பிறகுதான் கிழித்துத் தின்னும் பூச்சி இளவுயிரிகள் மும்முரமாக இறங்கும். ஓடையில் நரம்பு மட்டும் மிஞ்சிய சருகு கிடைத்தால் அது பெரும்பாலும் இவை தின்ற மிச்சம்தான். இவற்றின் கழிவும் உதிர்ந்த தூளும் நீரோடு போய், கீழே வலை பின்னிக் காத்திருக்கும் வேறு இளவுயிரிகளுக்கு உணவாகும். தண்ணீரின் விளிம்போடு படத்தை நிறுத்துவதும் இதே ரகம்தான். ஜப்பானின் ஹொக்கைடோவில் ஹொரொனாய் ஓடையில் நகானோவும் முரகாமியும் செய்து 2001-ல் வெளியிட்ட ஆய்வில், மீன்களின் ஆண்டு உணவில் சுமார் 44 சதவீதம் காட்டிலிருந்து விழுந்த பூச்சிகள், கரையோரப் பறவைகளின் உணவில் சுமார் 26 சதவீதம் ஓடையிலிருந்து இறக்கை முளைத்துப் பறந்த பூச்சிகள்.

சரி, மீன் என்ன தின்கிறது என்று வயிற்றைக் கிழித்துப் பார்த்தால் தெரிந்துவிடாதா? தெரியும், ஆனால் பாதிதான். புழுவும் மற்ற மென்மையான உயிரிகளும் சீக்கிரம் கரைந்துவிடும், நத்தை ஓடு, பூச்சித் தலை, மீன் முள் எல்லாம் தங்கிவிடும். கண்ணில் படுவதை மட்டும் எண்ணினால் நத்தைதான் பிரதான உணவு என்று எழுத வேண்டியிருக்கும். ராத்திரி முழுக்க வலையில் மாட்டிக் கிடந்த மீனை எடுத்துப் பார்ப்பது இன்னும் மோசம், ஏனென்றால் உயிரோடு இருக்கும்வரை செரிமானம் ஓடிக்கொண்டே இருக்கும், சில மீன்கள் பதற்றத்தில் கக்கியும் விடும். வலையைச் சீக்கிரம் தூக்கி, பிடித்த கையோடு குடலைப் பதப்படுத்துங்கள். எண்ணிக்கையோடு எடையையும் பாருங்கள், டாஃப்னியா என்ற மிகச் சிறிய மிதவை உயிரி 300 சேர்ந்தாலும் ஒரு சின்ன மீனின் எடைக்கு வராது. வேட்டை மீன்களில் காலி வயிறு சகஜம், அதைக் கணக்கிலிருந்து தூக்கி எறியாதீர்கள்.

ஐசோடோப் (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்கள்) அளவீடு இந்தக் குறையைக் கொஞ்சம் ஈடுகட்டும், தசை பல வாரங்கள், மாதங்கள் தின்றதைச் சொல்லும் என்பதால். உணவுப் படி ஒன்று ஏறினால் நைட்ரஜன்-15 என்ற கனமான நைட்ரஜன் சராசரியாக ஆயிரத்துக்கு 3.4 கூடும். ஆனால் கழிவுநீர் கலக்கும் ஏரியில் அடிப்படை அளவே உயர்ந்திருக்கும், அதனால் இரண்டு ஏரி மீன்களின் எண்ணை நேரடியாக ஒப்பிட்டால் கழிவுநீரைப் பார்த்துவிட்டு வேட்டைக்காரன் என்று பட்டம் கட்டிவிடுவோம். அதே ஏரியில் அடிமட்ட உணவைத் தின்னும் நத்தையையும் மட்டியையும் அளந்து, அங்கிருந்து கணக்கைத் தொடங்க வேண்டும்.

ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் பத்து சதவீதம் ஆற்றல்தான் போகும் என்பதை விதி மாதிரி ஒப்பிப்பவர்கள் நிறைய. அது சராசரி மட்டுமே. பாலி, கிறிஸ்டென்சன் என்ற ஆய்வாளர்கள் 1995-ல் தொகுத்த நீர்ச்சூழல் கணக்குகளில் அது 2-லிருந்து 24 சதவீதம் வரை ஓடுகிறது.

எனக்குத் தெரிந்து ஆகப் பெரிய தவறு, நேரத்தை மறப்பதுதான். கனடாவின் கூட்டனே ஏரியில் 1949-ல் மைசிஸ் என்ற சிறு இறால் வகையை விட்டார்கள், பிற்பாடு ஏரியின் மேற்குக் கிளையில் கோகனி என்ற ஏரி சால்மன் மீன்கள் நன்றாகக் கொழுத்தன. அதைப் பார்த்து மற்ற இடங்களிலும் விடத் தொடங்கினார்கள். மொன்டானாவின் ஃப்ளாட்ஹெட் ஏரிக்கு மேலே உள்ள ஏரிகளில் 1968-க்கும் 1975-க்கும் இடையில் விட்ட மைசிஸ், நீரோடு இறங்கி 1981-ல் ஃப்ளாட்ஹெட்டில் தென்பட்டது. படத்தில் 'மைசிஸ், கோகனி' என்று அம்பு அழகாகவே இருந்தது. ஆனால் மைசிஸ் பகலில் அடியாழத்தில் கிடக்கும், இருட்டியபின் மேலே வந்து டாஃப்னியாவைத் தின்னும். கோகனியோ கண்ணால் பார்த்து மேல்மட்டத்தில் இரை பிடிப்பது. ஆக அதற்கு மைசிஸும் கிடைக்கவில்லை, நம்பியிருந்த டாஃப்னியாவும் போய்விட்டது. எண்பதுகளின் இறுதிக்குள் கோகனி கிட்டத்தட்ட ஒழிந்தது. முட்டையிட ஓடையேறும் கோகனிக்காக மெக்டொனால்ட் ஓடையில் 1981-ல் 600-க்கும் மேல் கூடிய வெண்தலைக் கழுகுகள் 1989-ல் 25 ஆனது. கூட்டனேயில் மட்டும் ஏன் பலித்தது? அங்கே மேற்குக் கிளைக்குள் தண்ணீர் ஆழமில்லாத ஒரு மேட்டின் மீது ஏறிப் போகிறது, அந்த ஓட்டம் மைசிஸை மேலே தள்ளி மீனின் வாய்க்கே கொண்டுவந்து கொடுத்தது. இதை யாரும் முதலில் கவனிக்கவில்லை. பகலில் மட்டும் மாதிரி எடுத்து உணவு வலை வரைபவர்கள் இன்றும் இதே பள்ளத்தில்தான் விழுகிறார்கள், ஒரே இடத்தில் நள்ளிரவில் ஒருமுறை வலை இழுத்தாலே பாதி தெளிந்துவிடும்.

வேட்டை மீனை விட்டால் தண்ணீர் தெளியும் என்ற நம்பிக்கையும் இப்படித்தான். 1985-ல் மிச்சிகனில் ஏரி ஆய்வாளர் கார்பெண்டரின் குழு இரண்டு சிறு ஏரிகளின் மீன்களை இடம் மாற்றிப் போட்டது. வேட்டை மீன் புதிதாக வந்த ஏரியில் சின்ன மீன் குறைந்து, பெரிய டாஃப்னியா பெருகி, பாசி குறைந்தது. ஆனால் பாஸ்பரஸ் கொட்டிக் கிடக்கும் ஏரியில் நீலப்பச்சைப் பாசி கட்டிகட்டியாக வளரும். டாஃப்னியாவால் அந்தக் கட்டிகளை விழுங்கவும் முடியாது, விழுங்கினாலும் அதில் வளர்ச்சிக்குத் தேவையான ஸ்டெரால் என்ற கொழுப்புச்சத்து கிடையாது. அங்கே மீனை விடுவதற்கு முன் பாஸ்பரஸ் எங்கிருந்து வருகிறது என்று பார்த்து அதை அடைக்க வேண்டும்.