அழ வைக்காதீங்க, பழக்கத்தைக் காட்டுங்க

கதை எழுதுறவங்களுக்கு ஒரு சின்ன டிப்ஸ். கஷ்டப்பட்ட ஆளைக் காட்டணும்னா உடனே அழ வச்சிடாதீங்க, அந்தக் கஷ்டம் அவங்க கையில என்ன பழக்கத்தை விட்டுட்டுப் போச்சுன்னு யோசிங்க.

இப்ப 1964 டிசம்பர்ல தனுஷ்கோடிய புயல் அழிச்சிச்சுல்ல, பாம்பன்லருந்து போன ரயிலையே கடல் இழுத்துட்டுப் போச்சு, அந்தப் புயல்ல தப்பிச்சு ராமேஸ்வரம் வந்த ஒரு ஆச்சிய எழுதுறீங்கன்னு வைங்க. புயலப் பத்தி அந்த ஆச்சி ஒரு வார்த்தை பேச வேணாம். வாடைக்காத்து கொஞ்சம் வேகமா வீசுனா அரிசி மூட்டைய பரண்ல ஏத்துவாங்க, ரேஷன் கார்டையும் பட்டாவையும் பாலித்தீன் கவர்ல சுத்தி இடுப்புல சொருகிட்டுத்தான் தூங்குவாங்க, மருமக சிரிப்பா. அவ்ளோதான், ஆள் வந்துருச்சு.

இன்னொன்னு, ஒரே அடி எல்லாரையும் ஒரே மாதிரி மாத்தாது. கடல்ல அப்பன பறிகொடுத்த ரெண்டு அண்ணந்தம்பில ஒருத்தன் கடற்கரைப் பக்கமே வரமாட்டான், இன்னொருத்தன் விசைப்படகுக்கு ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடை, அந்த 61 நாளும் கரையில இருக்க முடியாம காலையில போயி படகத் தொட்டுப் பாத்துட்டு வருவான் (எனக்கு இவனத்தான் ரொம்பப் பிடிக்கும்). ரெண்டு பேரையும் ஒரே வீட்டுல சாப்பிட உக்கார வைங்க, சண்டை தானா வரும்.