கோட்டை பார்க்கப் போகிறீர்களா? முதலில் வெளியே நின்று பாருங்கள்

கோட்டை வாசலுக்கு வந்ததும் எல்லோரும் நேரே உள்ளே போய்விடுகிறார்கள். போகாதீர்கள். வெளியே ஒரு சுற்று நடந்து, எந்தப் பக்கத்து மதில் தடிப்பாக இருக்கிறது, அகழி எங்கே வெட்டியிருக்கிறார்கள், பீரங்கி வைக்கும் திறப்புகள் எந்தத் திசையைப் பார்க்கின்றன என்று பாருங்கள். கட்டியவன் யாருக்குப் பயந்தான் என்பது அதிலேயே தெரிந்துவிடும். அது தெரிந்த பிறகு உள்ளே போனால் ஒவ்வொரு கல்லும் ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்று விளங்கும், இல்லாவிட்டால் நாலு செல்பியோடு திரும்பி வர வேண்டியதுதான்.

கொழும்பில் இருப்பவர்கள் இதைப் பழக எங்கேயும் தூரப் போக வேண்டாம். கொழும்புக் கோட்டை ரயில் நிலையத்தின் பெயரில் மட்டும்தானே இருக்கிறது என்று நினைப்பீர்கள். போர்த்துக்கேயர் கட்டி, பல மாத முற்றுகைக்குப் பிறகு 1656 மே மாதம் ஒல்லாந்தர் பிடித்து, 1796 இல் ஆங்கிலேயர் கைக்கு வந்த கோட்டை அது. மதில்களை இடித்தது எதிரி இல்லை, 1869 அளவில் நகரத்துக்கு இடம் போதாமல் ஆங்கிலேயரே இடிக்கத் தொடங்கினார்கள். ஆனால் துண்டுகள் மிஞ்சியிருக்கின்றன, அவற்றைத் தேடி நடப்பதுதான் இங்கே சுவாரசியம்.

காலை ஏழரைக்குப் புறக்கோட்டையில் தொடங்குங்கள், கடைகள் திறந்து நாட்டாமைகள் (மூட்டை தூக்குகிறவர்கள்) வண்டில் தள்ள ஆரம்பித்துவிட்டால் நின்று பார்க்க இடம் கிடைக்காது. மெயின் வீதியில் கெய்மன்ஸ் கேட் மணிக்கூண்டு நிற்கிறது, கோட்டைக்குள் நுழையும் வாசல் ஒன்று இருந்த இடம் அது. அங்கிருந்து பிரின்ஸ் வீதி ஒல்லாந்தர் அருங்காட்சியகம் கிட்ட. 17 ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆளுநர் தோமஸ் வான் றீ குடியிருந்த வீடு, பெரிய தூண்களும் உள்முற்றமும் உள்ளது. அப்புறம் கோட்டைப் பக்கம் கடந்து பிரிஸ்டல் வீதிக்குப் போனால், வங்கிக் கட்டடம் ஒன்றோடு ஒட்டிக்கொண்டு டெல்ப்ட் வாசல் நிற்கும், தினமும் அதைக் கடந்து வேலைக்குப் போகிறவர்களே பலர் கவனிப்பதில்லை. பழைய ஒல்லாந்தர் வைத்தியசாலையை 2011 இல் திருத்தி இப்போது சாப்பாட்டுக் கடைகளாக வைத்திருக்கிறார்கள், அங்கே தேநீர் குடிக்கும்போது சுவரின் தடிப்பை ஒருமுறை தொட்டுப் பாருங்கள். கடைசியாகக் காலி முகத்திடல். பட்டம் விடவும் இஸ்ஸோ வடை (இறால் வடை) சாப்பிடவும் போகிற அந்த வெட்டவெளி, கோட்டைப் பீரங்கிகளுக்கு முன்னால் எதிரி மறைந்து நிற்க எதுவும் இருக்கக் கூடாது என்று வெறுமையாக வைத்திருந்த நிலம். பேரை வாவியும் அப்படித்தான், தரைப் பக்கமாக வருபவனை மறிக்கும் தண்ணீர். இந்த இரண்டையும் சேர்த்து யோசித்தால் இல்லாத மதில்கூடக் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும்.

இன்னொரு அரை நாள் கொழும்பை அடுத்த கோட்டே என்ற ஊருக்கு ஒதுக்குங்கள். தமிழ் வாசகர்கள் அவசியம் பார்க்க வேண்டிய இடம் என்று சொல்வேன், ஏனென்றால் 14 ஆம் நூற்றாண்டில் கம்பளை அரசின் அமைச்சர் அழகக்கோனார் அந்தக் கோட்டையை எழுப்பியதே யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகளின் படைக்குப் பயந்துதான். சதுப்பு நிலத்தை இயற்கை அரணாக வைத்துக்கொண்டு, தரை வழி இருந்த பக்கத்தில் அகழியும் மதிலும் போட்டார்கள். எதுல் கோட்டேயில் அந்த மதில் மேட்டின் துண்டுகள் இன்னும் வீடுகளுக்கு நடுவே கிடக்கின்றன. பெரிய கட்டடத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள், பார்ப்பது செம்பூரான் கல்லும் புல்லும்தான். அங்கிருந்து முல்லேரியா பக்கம்தான், 1559 இல் சீதாவாக்கை இராச்சியத்தின் படை போர்த்துக்கேயரை முறியடித்த இடம். இன்று முழுக்கக் குடியிருப்பு, சண்டை நடந்த அடையாளம் எதுவும் கண்ணில் படாது. போர்க்களங்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும், ஆகவே போகும் முன் ஒரு வரைபடத்தில் ஆறு எங்கே, சதுப்பு எங்கே, மேடு எங்கே என்று பார்த்து வையுங்கள். ஊர் மாறினாலும் நிலத்தின் அமைப்பு அவ்வளவு சுலபமாக மாறாது.

கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இரண்டு பொருள்களைத் தேடிப் பாருங்கள். ஒன்று காலியில் 1911 இல் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டு. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்தது, 1409 ஆம் ஆண்டுக்குரியது, சீனம், தமிழ், பாரசீகம் மூன்றிலும் எழுதியிருக்கிறது. தமிழ்ப் பகுதி தெவிநுவரக் கோயில் தெய்வமான தெனாவரை நாயனாருக்குக் கொடுத்த காணிக்கைகளைச் சொல்கிறது. அடுத்த இரண்டு வருடத்துக்குள் அதே செங் ஹே இங்கே படையெடுத்து, அழகக்கோனார் வம்சத்து ஆட்சியாளரையே பிடித்துக்கொண்டு போனார் என்பதையும் நினைத்துக்கொண்டு அந்தக் கல்லின் முன்னால் நில்லுங்கள். மற்றது கண்டி அரசின் மாகாண அதிகாரி லெவ்கே திசாவையின் பீரங்கி. 1765 இல் ஒல்லாந்தர் கண்டியைத் தாக்கியபோது அள்ளிக்கொண்டு போய், 2023 டிசம்பரில் நெதர்லாந்து திருப்பிக் கொடுத்தது. வெள்ளியும் தங்கமும் மாணிக்கமும் பதித்த, சுடுவதற்கென்று செய்யாத சின்னப் பீரங்கி, அவ்வளவு அழகு.

இரண்டாம் உலகப் போரில் ஆர்வம் உள்ளவர்களுக்கும் நகரத்துக்குள்ளேயே வேலை இருக்கிறது. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலையில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. இன்று கடைத் தொகுதியும் மைதானமுமாக இருக்கும் குதிரைப் பந்தயத் திடல் அப்போது விமான ஓடுபாதை, அங்கிருந்து பிரித்தானிய ஹரிக்கேன் போர் விமானங்கள் எழும்பிப் போயின. பக்கத்தில் விகாரமகாதேவி பூங்கா ஓரமாக நிற்கும் போர் நினைவுத் தூண் முதலில் காலி முகத்திடலில் இருந்தது, எதிரிக்கு அடையாளமாகிவிடும் என்று கழற்றி இங்கே கொண்டுவந்து நட்டார்கள். இரத்மலானை விமானப்படை அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள், பழைய சிப்மங்க், ஜெட் புரோவோஸ்ட் விமானங்களைப் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். எந்த அருங்காட்சியகமானாலும் போயா நாளிலும் அரச விடுமுறையிலும் திறந்திருக்கிறதா என்று போன் பண்ணிக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

வெளியூர் என்றால் முதலில் காலி. கோட்டை ரயில் நிலையத்தில் ஏறி வலது பக்க ஜன்னலைப் பிடியுங்கள், வழி நெடுகக் கடல். காலிக் கோட்டையில் சூரியன், சந்திரன், நட்சத்திரம் என்று மூன்று பெரிய கொத்தளங்கள், மூன்றும் தரைப் பக்கம் பார்த்தவை. கடலுக்குச் சொந்தக்காரராக இருந்தவர்கள் பயந்தது தரையை! எல்லோரும் நுழையும் வாசல் 1873 இல் ஆங்கிலேயர் திறந்தது, அதை விட்டுவிட்டுப் பழைய வாசலுக்குப் போங்கள். வெளிப்பக்கம் ஆங்கிலேயர் சின்னம், உள்பக்கம் ஒல்லாந்தக் கம்பனியின் சின்னமும் சேவலும் 1669 என்ற ஆண்டும் இருக்கும். மதில் மேல் நடப்பதை மாலை நாலு மணிக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள், மத்தியானத்தில் நிழல் கிடையாது. நேரம் இருந்தால் மாத்தறை வரை போய் ஆறு முனையுள்ள நட்சத்திரக் கோட்டையையும் பாருங்கள், சின்னது, அரை மணித்தியாலத்தில் முடிந்துவிடும்.

திருகோணமலை பிரெட்ரிக் கோட்டைக்குப் போகிறவர்கள் கோணேசர் கோயிலுக்கு என்று நேரே மேலே ஏறிவிடுகிறார்கள். வாசலிலேயே நில்லுங்கள். போர்த்துக்கேயர் கோயிலை இடித்து அந்தக் கற்களைக் கொண்டே இந்தக் கோட்டையைக் கட்டினார்கள், வாசற்கல்லில் இரட்டை மீன் சின்னமும் கோயிலைக் கட்டிய அரசனாகச் சொல்லப்படும் குளக்கோட்டனைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டின் துண்டும் இன்னும் இருக்கின்றன. எனக்கு இந்த நாட்டில் இதைவிட முக்கியமான கோட்டை வாசல் இல்லை. உள்ளே இராணுவ முகாம் இருப்பதால் அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள், முகாம் கட்டடங்களைப் படம் எடுக்காதீர்கள், மான்களுக்கு பிஸ்கட் போடாதீர்கள். திரும்பும்போது நிலாவெளி வீதியில் உள்ள போர்க் கல்லறைத் தோட்டத்துக்கும் ஒருமுறை போய் வாருங்கள்.

யாழ்ப்பாணத்துக்கு வெள்ளவத்தையில் இரவு பஸ் ஏறினால் விடியக் கோட்டை வாசலில் நிற்கலாம், வெயில் ஏறும் முன் பார்க்க அதுதான் நல்ல வழி. போர்த்துக்கேயரின் கோட்டையை 1658 இல் பிடித்த ஒல்லாந்தர், அதை இடித்து ஐந்து முனைக் கோட்டையாகக் கட்டினார்கள், வெளி அரண்கள் 1792 இல்தான் முடிந்தன, 1795 இல் சண்டை இல்லாமலே ஆங்கிலேயரிடம் போய்விட்டது. இருநூறு வருடத்துக்குப் பிறகு, உள்நாட்டுப் போரின்போது 1990 இல்தான் அது உண்மையான முற்றுகையைக் கண்டது. உள்ளே இருந்த ஒல்லாந்தர் தேவாலயம் அந்தப் போரில் தரைமட்டமாகியது. மதிலில் முருகைக்கல் (பவளப்பாறைக் கல்) எது, புதிதாக வைத்த கல் எது என்று கிட்டப் போய்ப் பாருங்கள், நிறத்திலேயே தெரியும்.

ஆனையிறவும் முல்லைத்தீவும் இன்னொரு வகை, அந்த உள்நாட்டுப் போரின் களங்கள். 1658 இல் செத்தவர்களுக்காக இன்று யாரும் அழுவதில்லை, அங்கே அழுகிறவர்கள் பக்கத்து வீட்டில் இருக்கிறார்கள். நினைவுச் சின்னத்துப் பலகைகள் வென்ற பக்கத்தின் கதையைத்தான் சொல்லும், அதை மட்டும் வாசித்துவிட்டு வந்தால் பாதிதான் பார்த்திருக்கிறீர்கள். சனங்களோடு பேசுங்கள், ஆனால் போரைப் பற்றி நீங்களாகத் தோண்டிக் கேட்காதீர்கள், தேநீர்க் கடையில் உட்கார்ந்தால் அவர்களுக்கு விருப்பமானால் சொல்வார்கள். உடைந்த வீட்டுக்கு முன்னால் போஸ் கொடுத்துப் படம் எடுக்க வேண்டாம், அது யாரோ ஒருவருடைய வீடு. முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றும் வேலை பல வருடங்களாக நடக்கிற இடம், சிவப்பு எச்சரிக்கைப் பலகை கண்டால் ஒரு அடியும் தாண்டாதீர்கள், பாதையை விட்டு இறங்காதீர்கள், தரையில் கிடக்கும் இரும்பு எதையும் எடுக்காதீர்கள், பிள்ளைகளுக்கு இதைப் பஸ்ஸிலேயே சொல்லி வையுங்கள்.